கறுத்த பில்லும் பேரை மாத்திச் சொல்ற போனும்

விழுப்புரம் டவுனில் செல்போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டரை நடத்திவரும் மேனேஜர் உயர்திரு அறிவுச்செல்வன் அவர்களுடைய மேலான சமுகத்திற்கு, திண்டிவனம் வட்டம் ஓமந்தூருக்கு அந்தாண்ட ஏரிக்கரைக் காலனியில் குடியிருக்கும் பூமாலை பணிவான வணக்கம் சொல்லி எழுத வைத்துக்கொள்வது.

இவ்விடம் நான், என் வீட்டுக்காரி, மகன் விருத்தாசலம், மருமகள் பிரபாவதி, பேத்தி கலைப்பிரியா, ரெண்டு வெள்ளாடு எல்லாரும் நலம். போன் ஒன்றுதான் நலமில்லை. அவ்விடம் தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும் அருணா என்கிற பெண்ணும், அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்த ஏசி மிஷினும் நலமாக இருக்கவேண்டுமென்று எங்கள் ஊர் அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் மருமகள் பிரபாவதி. பன்னிரண்டாவது வரைக்கும் படித்த பெண், முத்து முத்தாக எழுதும். சொன்னது ஒன்று எழுதினது ஒன்று என்று ஆகிவிடுமோ என்று தாங்கள் யோசிக்க வேண்டாம். முடிந்ததும் முதலிலிருந்து படித்துக் காட்டச் சொல்லுவேன், ஒரு சொல் விட்டுப்போனாலும் எனக்குத் தெரிந்துவிடும். எழுத்து தெரிந்தவர்கள் எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக மறந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வசதி இல்லாததால் எழுபத்தெட்டு வருஷத்துச் சங்கதியையும் மண்டையிலேயே வெச்சிக்கினு நடக்கறேன். கழுத்து வலிக்குது, ஆனா ஒண்ணும் கீழ விழலை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சென்டருக்கு நான் மூன்று தரம் வந்தேன். வைகாசி பதினொண்ணு வியாழக்கிழமை ஒரு தரம், பதினாறு செவ்வாய்க்கிழமை ஒரு தரம், இருபத்தாறு வெள்ளிக்கிழமை ஒரு தரம். முதல் தரம் வந்தப்போ டோக்கன் நம்பர் நாற்பத்தேழு. அருணா பொண்ணு பச்சைச் சுடிதார் போட்டிருந்திச்சி, பில்லைக் குடுங்க தாத்தான்னு கை நீட்டிச்சி. குடுத்தேன். வாங்கினு முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்திச்சி. அப்புறம் அதைத் தூக்கி டியூப் லைட்டுக்கு எதிர்ல புடிச்சிது.

"தாத்தா, இது பில்லா எக்ஸ்ரேவா?"

"பில்லுதாம்மா."

"இதுல ஒண்ணுமே தெரியலையே."

"எனக்கு எந்தப் பில்லுலயும் ஒண்ணும் தெரியாதும்மா. நீ படிச்ச பொண்ணு, நல்லாப் பாரு."

வரிசையில் நின்னவங்க சிரிச்சாங்க. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. பில் இல்லாமல் ஜாப் சீட்டுப் போட முடியாது, ஜாப் சீட்டு இல்லாமல் போனைக் கையால் தொடக்கூட முடியாது, வாரண்டி கார்டில் கடைக்காரர் சீலும் இல்லை என்று மூன்று தரமும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பினீர்களே, அதுதான் வருத்தம். அந்தப் பில் ஏன் கறுத்தது, கார்டில் ஏன் சீல் இல்லை என்று ஒரு ஆள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன், இந்தப் பொண்ணுக்கு ராத்திரிச் சோறு வடிக்கிற நேரத்தில் கை வலிக்க எழுதுகிற வேலையும் இருந்திருக்காது.

வாரண்டி என்கிற சொல்லை நான் இந்தப் போன் வாங்கின அன்னிக்குத்தான் முதல் முதல்ல கேட்டேன். எனக்குத் தெரிஞ்சது வாரண்ட்டு. எனக்குப் பதினோரு வயசு இருக்கறப்போ ஒரு போலீஸ்காரரு சைக்கிள்ல வந்து எங்க அப்பா பேரைச் சொல்லி வாரண்ட்டு இருக்குதுன்னு கூட்டினு போனாரு. எங்க அப்பா பேரு வெச்ச இன்னொரு ஆளு எங்கியோ கரும்பு லோடைக் கவுத்துட்டு ஓடிட்டானாம். அவன் நான் இல்லன்னு சொல்றதுக்கு எங்க அப்பா கையில ஒரு துண்டுக் காகிதம் இல்ல. ரெண்டு நாள் வெச்சிருந்து அனுப்பினாங்க. வூட்டுக்கு வந்து கேப்பைக் கூழைக் குடிச்சிட்டு, "காகிதம் இருந்திருந்தா உட்டிருப்பான்டா"ன்னு மட்டும் சொன்னாரு. அதுலேர்ந்து என் கைக்கு வந்த ஒரு காகிதத்தையும் நான் உட்டதில்ல. ரேஷன் கார்டு, ஓட்டு அட்டை, முதியோர் பென்ஷன் சீட்டு, ஆட்டுக்கு ஊசி போட்ட சீட்டு, எல்லாத்தையும் திண்டிவனத்துக்குக் கொண்டுபோய் லேமினேஷன் பண்ணி மல்லாக்கொட்டை மூட்டைக்கு மேல தொங்கற பையில வெச்சிருக்கேன். ஆகவே இந்தப் பில்லையும் வாங்கின கையோட லேமினேஷன் கடைக்கு எடுத்துக்கினு போனேன். இதில் என் தப்பு என்ன, தாங்களே சொல்லவும்.

வெள்ளையாத்தான் உள்ள போச்சி. அந்த மிஷினு பல்லைக் கடிக்கற மாதிரி ஒரு சத்தம் போட்டிச்சி, அந்தப் பக்கம் அட்டக் கறுப்பா வெளிய வந்திச்சி. என்னய்யா இதுன்னு கடைக்காரரைக் கேட்டேன். "பெரியவரே, இந்தக் காலத்துப் பில்லுல மை கிடையாது, சூட்டுலதான் எழுத்து விழுது. இன்னும் சூடு பட்டா முழுக்கக் கறுத்துடும்"னாரு. இதை மிஷினுக்குள்ள உடறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதான்னு கேட்டதுக்கு, "நீங்க லேமினேஷன் கேட்டீங்க, பண்ணேன். இனிமே தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது"ன்னாரு. ஐயா, நானும் எழுபது வருஷமா வெயில்ல நின்னு கறுத்தவன்தான். சூடு பட்டதால் என் பேரு அழிஞ்சி போச்சா? ரேஷன் கடையில் எனக்கு அரிசி இல்லைன்னு சொல்றாங்களா? கறுத்தாலும் அந்தப் பில் அந்தப் பில்தானே. எழுத்து உள்ளதான் இருக்குது. பக்கத்துல இருக்கறதெல்லாம் கறுத்ததால் அது கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்.

சரி, கடைக்காரரிடம் வேறு பில் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று ரெண்டாம் தரம் சொன்னீர்கள். போனேன். கடை இருந்த இடத்தில் இப்போது பேக்கரி. அங்கே இருந்த அம்மாவிடம் விவரம் சொல்லிப் பில் கேட்டேன். ஏதாவது வாங்கினாத்தான் பில் வரும்னாங்க. ஒரு முட்டைப் பப்ஸ் சாப்பிட்டுட்டு பில்லு வாங்கிக்கினேன். அது வெள்ளையாகவே இருக்கிறது, லேமினேஷன் பண்ணவில்லை, புத்தி வந்துவிட்டது. கடை இருந்த இடத்துக்கு அத்தாட்சியாக அதையும் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், பெற்றுக்கொள்ளவும்.

போன் வாங்கிய நாள், போன ஆவணி மூன்றாவது செவ்வாய்க்கிழமை. மத்தியானம் ஒண்ணே முக்கால் மணி, தூத்தல் போட்டுக்கினு இருந்திச்சி. கடைக்காரருக்குக் கண்வலி, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாரு. அவருதான் என் கண் எதிர்ல சீலை மையில தொட்டு எடுத்தாரு. எடுத்து கார்டு இருக்குதுன்னு நெனைச்சிப் பக்கத்துல குத்தினாரு. அது மேசை விரிப்பு மேல விழுந்திச்சி. நான் பாத்தேன், கண் வலியில இருக்கற மனுஷனை என்ன சொல்றதுன்னு சும்மா இருந்துட்டேன். ஆக அந்த மேசை விரிப்புக்கு ஒரு வருஷம் வாரண்டி இருக்குது, என் போனுக்கு இல்ல. இந்த நியாயத்தை எங்க போய்ச் சொல்றது.

வாயால் சொல்வதை எப்படி நம்புவது என்று தாங்களே மூன்றாம் தரம் உள்ளேயிருந்து வந்து கேட்டீர்கள். அப்போது தங்களுக்கு எந்த ஊர் என்று கேட்டேன், ஞாபகம் இருக்கும். முகையூர்ப் பக்கம் என்றீர்கள். தாத்தா பேர் கேட்டேன், கன்னியப்பன் என்றீர்கள். பஸ்ஸுக்கு நேரமானதால் அன்னிக்கு மேற்கொண்டு பேசலை. இப்ப பேசறேன். தம்பி, உங்க தாத்தாவும் நானும் ஒரே வருஷம் ஒரே மேஸ்திரி கிட்ட கரும்பு வெட்டினவங்க. அவரு கல்யாணத்துக்கு அவர் எடுத்த வேட்டி சாயம் போயிட்டுதுன்னு, போட்டோ புடிக்கறதுக்கு மட்டும் என் வேட்டியைக் கட்டிக்கினு நின்னாரு. நான் போட்டோக்காரர் துணிக்குப் பின்னாடி துண்டோட நின்னேன். உங்க வூட்ல அந்தப் போட்டோ இருந்தா இன்னிக்கே போயி இறக்கிப் பாருங்க. எடது முட்டிக்கு நாலு விரல் கீழ பீடி நெருப்பு பட்ட ஓட்டை ஒண்ணு இருக்கும். அது நான் பண்ண ஓட்டை. ஓட்டை இருந்தா என் நெனப்பு சரி. ஐம்பத்தஞ்சு வருஷத்து நெனப்பே சரின்னா போன ஆவணி நெனப்பும் சரி. தேதி சரின்னா வாரண்டி உண்டு. இதுக்கு மேல என்ன பில்லு வேணும் தம்பி உனக்கு. முறைக்கு நீ எனக்குப் பேரன் ஆவற, அதனால நீ போட்டுச் சொல்றேன், கோவிச்சிக்காத. பிரபாவதி இங்க "நீங்க"ன்னே எழுதட்டுமா மாமான்னு கேக்குது. வேணாம், சொன்னபடி எழுதும்மா.

இனி போனில் என்ன கோளாறு என்பதைத் தெரிவிக்கிறேன், ஏனென்றால் அதை உங்கள் சென்டரில் யாரும் கேட்கவேயில்லை. இது பேசும் போன். யார் கூப்பிட்டாலும் ஒரு பொம்பளைக் குரல் சொல்லும். எழுத்து தெரியாதவனுக்கு இதைவிட உபகாரம் வேறு கிடையாது. முதலில் அது நம்பரைத்தான் சொல்லிக்கினு இருந்திச்சி. எனக்கு எல்லார் நம்பரும் மனப்பாடம், நாலாவது எண்ணிலேயே ஆளு யாருன்னு கண்டுபுடிச்சிடுவேன், ஒரு குறையும் இல்ல. தை மாசம் பொங்கல் கழிச்சி பிரபாவதிதான், மாமா நீங்க ஏன் இத்தினி நம்பரைச் சுமக்கறீங்க, பேரைப் போட்டுக் குடுக்கறேன்னு எல்லாப் பேரையும் உள்ள ஏத்திச்சி. அதுலேர்ந்து நம்பர் சொல்றதை விட்டுட்டு பேரைச் சொல்லிச்சி. மாசி வரைக்கும் சரியாத்தான் சொல்லிச்சி. மாசியில கலைப்பிரியாவைப் பொண்ணு பாத்துட்டுப் போனாங்க. பங்குனியில கெட்டுப் போச்சி.

பொண்ணு பார்க்க வந்தது கண்டமங்கலம் அப்பாதுரை. மாப்பிள்ளைக்குத் தகப்பனாரு. புதுச்சேரியில ஒரு மில்லுல டைம்கீப்பரா இருந்து ரிட்டையர் ஆனவரு. நல்ல எடம், ஓட்டு வூடு இல்ல, மாடி வூடு, பையனுக்குக் கம்பெனி வேலை. எங்க பொண்ணு விழுப்புரத்துல நர்சுக்குப் படிக்குது, மூணு வருஷப் படிப்புல ரெண்டாவது முடியப் போவுது. படிப்பு எங்கங்க ஓடிடப் போவுது, ஆவணியில கல்யாணத்தை முடிச்சிட்டு அப்புறமாப் பாத்துக்கலாம்னாரு. நானும் என் மகனும் சரின்னோம். பிரபாவதி எதிர்ப்பேச்சு பேசற பொண்ணு இல்ல. அப்பாதுரை ரொம்ப மரியாதைப்பட்டவரு, ஒரே குறை, மூக்கால பேசுவாரு. அதுவும் பெரிய குறை இல்ல.

எனக்கு ஒரு மச்சான் இருக்கிறான், வீட்டுக்காரிக்குத் தம்பி, முகையூர் பெரியசாமி. தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேஷம் கட்டுகிறவன். யார் குரலாக இருந்தாலும் ஒரு தரம் கேட்டால் போதும், அப்படியே பேசிக் காட்டுவான். எங்களுக்குள்ள அம்பது வருஷமா நல்ல வார்த்தை கிடையாது, வசவுதான். அவன் என்னைக் கிழடுன்னுவான், நான் அவனைக் கோழித் திருடன்னுவேன், அப்புறம்தான் சௌக்கியம் விசாரிப்போம். பொண்ணு பாத்த அன்னிக்கு அவனும் வந்து மூலையில உக்காந்திருந்தான். பங்குனி ஆறாந்தேதி போனு அடிச்சிது. மிஷினு தெளிவா, "முகையூர் பெரியசாமி அழைக்கிறார்"னு சொல்லிச்சி. எடுத்தேன்.

"ஏன்டா கோழித் திருடா, எமன் உன்னை இன்னும் மறந்துட்டானா?"

அந்தாண்ட மூக்கால ஒரு குரல்.

"நான் கண்டமங்கலம் அப்பாதுரை பேசறேங்க. நிச்சயத்துக்கு நாள் குறிக்கலாம்னு..."

எனக்குச் சிரிப்பு தாங்கல. "அடேங்கப்பா, அந்த மூக்கடைச்ச ஆளை அப்படியே உரிச்சி வெச்சிட்டியேடா. இன்னும் கொஞ்சம் மூக்கை இறுக்கிப் புடிச்சிக்கினு பேசு, அவனேதான்."

"என்னங்க இது பேச்சு? நான் மாப்பிள்ளையோட அப்பா."

"ஆமாமா. பொண்ணு பாக்க வந்து பதினோரு வடை தின்ன அப்பா. சட்னி தீந்துபோயி பக்கத்து வூட்டுக்கு ஓடினோமே. அதையும் அவன் குரல்ல சொல்லுடா, கேக்கலாம்."

"பதினொண்ணு இல்ல, ஒம்போது"ன்னு சொல்லிட்டு வெச்சிட்டாரு.

மச்சான் ரோஷப்பட்டுட்டான்னு சந்தோஷமா ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிட்டேன். பொழுது சாய என் மகன் புதுச்சேரியில கொத்து வேலை முடிச்சி வந்து, வெளுத்த மூஞ்சியோட நிக்கறான். அப்பாதுரை அவனுக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டாரு. அன்னிக்கே பிரபாவதி கிட்ட போனைக் குடுத்து உள்ள பாக்கச் சொன்னேன். அது ரெண்டு தரம் திறந்து பாத்து, பேரெல்லாம் சரியாத்தான் இருக்குது மாமா, மிஷினுதான் மாத்திப் படிக்குதுன்னு சொல்லிச்சி. படிச்ச பொண்ணு பாத்துச் சொல்லியிருக்குது, இதையும் தாங்கள் குறித்துக்கொள்ளவும்.

சரி, ஒரு தரம் தவறிட்டுது, மனுஷனே தவறறான், மிஷினைச் சொல்லி என்னன்னு நெனைச்சி இருந்துட்டேன். அதுதான் நான் பண்ண தப்பு. சித்திரை பொறந்து ஏழாம் நாள் அந்தப் பொம்பளைக் குரல், "கண்டமங்கலம் அப்பாதுரை அழைக்கிறார்"னு சொல்லிச்சி. எனக்கு உசுரு வந்திச்சி. துண்டை இடுப்புல கட்டிக்கினு எழுந்து நின்னே பேசினேன். வணக்கம் சம்பந்தி, தெரியாம வாய் தவறிட்டுதுங்க, உங்க பெரிய மனசு, மன்னிச்சிக்கணும்னு கால் மணி நேரம். அந்தாண்ட மூக்கால "உம், உம்"னு கேட்டுக்கினே இருந்தாரு. கடைசியில, "போவட்டும் பூமாலை. மனசுல ஒண்ணும் வெச்சிக்கல. ஞாயித்துக்கிழமை நேர்ல வாங்க. வர்றப்போ நல்ல வாளைக் கருவாடா ஒரு கட்டு வாங்கினு வாங்க, உங்க பக்கத்துக் கருவாடு தின்னு ரொம்ப நாளாச்சி"ன்னாரு. கருவாடு என்ன, கப்பலையே இழுத்துக்கினு வர்றேன் சம்பந்தின்னேன்.

ஞாயித்துக்கிழமை வெடியக் காலையிலேயே மரக்காணம் போயி வாங்கி, மஞ்சப் பையில போட்டுக்கினு ரெண்டு பஸ்ஸு மாறி கண்டமங்கலம் போய்ச் சேர்ந்தேன். பஸ்ஸுல என் பக்கத்து சீட்டு கடைசி வரைக்கும் காலி. அப்பாதுரை வூட்டு வாசல்ல வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்திச்சி. எனக்கு மரியாதை பண்றாங்கன்னு நெனைச்சேன். உள்ள போனா எல்லாரும் மஞ்சத் துணியில இருக்கறாங்க. அம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டியிருக்குது. பத்து நாளா அந்த வூட்ல முட்டைகூட நுழையலை. நடு வூட்ல கையை நீட்டி, "நீங்க கேட்டது சம்பந்தி"ன்னு பையைக் குடுத்தேன். அவரு வாங்கித் திறந்து பாத்தாரு. அந்த வூட்டுப் பொம்பளைங்க முந்தானையால மூக்கைப் பொத்திக்கினு கொல்லைப் பக்கம் ஓடினாங்க. அப்புறம் வூட்டைக் கழுவி உட்டாங்க. நான் நிக்கறப்பவே கழுவினாங்க, காலைக் கொஞ்சம் தூக்கிக்கோங்கன்னு சொன்னாங்க, தூக்கிக்கினேன்.

"நான் எப்பய்யா கருவாடு கேட்டேன்?"ன்னாரு.

"வியாழக்கிழமை காலையில ஒம்போதே கால் மணிக்குக் கேட்டீங்க."

"நான் உனக்குப் போனே பண்ணல."

"போனு உங்க பேரைத்தான் சொல்லிச்சிங்க."

"அன்னிக்கு வேற யார் பேரோ சொல்லிச்சின்னு உன் மகன் சொன்னானே?"

"ஆமாங்க. அது மாத்திச் சொல்லுது. இப்பதான் எனக்கே விளங்குது. எல்லாத்தையும் மறந்துடுங்க சம்பந்தி." இத்தோட நான் வாயை மூடியிருந்தா ஊருக்கு நல்ல பேரோட வந்து சேர்ந்திருப்பேன். மனசாட்சி உடலை. "ஆனா வடை பதினொண்ணுதாங்க"ன்னு சொல்லிட்டேன். ஒம்போதுன்னு அவரு, பதினொண்ணுன்னு நான். முதல் தட்டுல நாலு, ரெண்டாந் தட்டுல நாலு, பேசிக்கினே பையன் தட்டுலேர்ந்து எடுத்தது ரெண்டு, கிளம்பறப்போ நின்னுக்கினு ஒண்ணு. இதில் எது இல்லைன்னு சொல்லட்டும்.

அப்பாதுரை மூஞ்சி மஞ்சத் துணிக்கு மேல செவந்து போச்சி. "இங்க பாருங்க, முப்பத்திரண்டு வருஷம் டைம்கீப்பரா இருந்தவன் நான். வாயால சொல்றதை நம்பினா நான் ரிட்டையரே ஆகியிருக்க முடியாது. பேரை மாத்திச் சொல்றது போனா, நீங்களான்னு எனக்குத் தெரியணும். இந்தப் போனில் பழுது உண்டுன்னு கம்பெனி சீல் வெச்ச காகிதம் கொண்டாங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள வந்தா மேல பேசலாம். வரலன்னா பையனுக்கு வேற எடம் இருக்குது." இதுதான் அவர் சொன்ன சொல். ஒரு எழுத்து கூட்டலை, குறைக்கலை. திரும்பி வந்தா எங்க வூட்டு வாசல்ல பெரியசாமி உக்காந்துக்கினு, "கருவாடு எங்க மாமா, குழம்பு கொதிச்சிதா?"ன்னு மூக்கால கேக்கறான். அவனை நான் என்ன சொன்னேன்னு பிரபாவதி எழுத மாட்டேங்குது.

ஆகவே பேரப்பிள்ளை அறிவுச்செல்வனுக்கு நான் கேட்டுக்கொள்வது என்னவென்றால், உன்னிடம் நான் புதுப் போன் கேட்கவில்லை. ரிப்பேர்கூட அப்புறம் செய்துகொள்ளலாம். போனைத் திறந்து பார்த்து, மிஷினில் கோளாறு, ஆளில் கோளாறு இல்லை என்று ரெண்டு வரி எழுதி, மேசை விரிப்பில் குத்தாமல் காகிதத்தில் சீல் குத்திக் கொடு. எங்க அப்பா ஒரு காகிதம் இல்லாம ரெண்டு நாள் உள்ள இருந்தாரு. நான் ஒரு காகிதம் இல்லாம, பேத்தி கழுத்துல தாலி ஏறாம உக்காந்திருக்கேன். ஊர்ல எல்லாரும் என்னைப் பாத்தா மூக்கைப் பொத்திக்கினு சிரிக்கறாங்க. கொஞ்சம் பேஜாராத்தான் இருக்குது. இன்னிக்கு ஆனி நாலு. ஆடிக்கு நாள் நெறைய இல்ல, ஜல்தியா ஆகணும். இந்தக் கடிதத்தோடு போன், கறுத்த பில், சீல் இல்லாத கார்டு, பப்ஸ் பில் எல்லாத்தையும் பார்சல் கட்டி அனுப்புகிறேன். உன் பதில் வருகிற வரைக்கும் போன் இல்லாமல்தான் இருப்பேன், அதனால் பதிலைப் போனில் சொல்லாதே, தபாலில் அனுப்பு.

உன் தாத்தன் நல்ல மனுஷன், வாங்கின வேட்டியைத் துவைத்து மடித்துத்தான் திருப்பிக் குடுத்தான். அந்த வம்சத்தில் வந்த நீ கை நெறைய வேலையும், குறை சொல்லாத கஸ்டமரும், ஒழுகாத ஏசியும் பெற்று, பிள்ளைகுட்டிகளோடு நூறு வருஷம் இருக்க வேண்டும். அருணா பொண்ணுக்கும் நல்ல எடத்தில் சம்பந்தம் அமைய வேண்டும், வடை கணக்கு பார்க்காத வீடாக அமைய வேண்டும். பிரபாவதி முழுக்கப் படித்துக் காட்டினாள். ரெண்டு இடத்தில் விட்டிருந்தாள், சொல்லிப் போட வைத்துவிட்டேன். இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது.

இப்படிக்கு,
பூமாலை
(இடது கைப் பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: சார், இதற்குக் கீழே இருப்பது மாமா சொன்னது இல்லை, பிரபாவதி ஆகிய நான் எழுதுவது. மேலே உள்ளதில் நான் ஒரு வார்த்தை மாற்றவில்லை, மாற்றவும் முடியாது, அவருக்குத் தெரிந்துவிடும். போனில் ஒரு கோளாறும் இல்லை. அந்த ரெண்டு பேரையும் மாற்றி வைத்தது நான்தான். மாமா மச்சானிடம் எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியும், ஒரு தரம் அப்படிப் பேசினால் போதும் என்று நினைத்தேன். கருவாட்டுக்கு நான் பொறுப்பில்லை, அது பெரியசாமி சித்தப்பா வேலை. எனக்குக் கல்யாணம் ஆகும்போது டீச்சர் ட்ரெயினிங்கில் சீட்டுக் கிடைத்திருந்தது, அப்புறமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கலைப்பிரியாவுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் சார் பாக்கி. இந்த வீட்டில் எல்லாரும் நல்லவர்கள், யாரும் என்னை அடித்ததில்லை, வைததில்லை, ஒன்றும் கேட்டதும் இல்லை. நான் எழுதிக் கொடுத்ததைச் சத்தமாகச் சொன்னது அந்தப் போன் ஒன்றுதான். அதனால் தயவுசெய்து பழுது உண்டு என்று காகிதம் கொடுத்துவிடாதீர்கள், பழுது இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். பார்ட்ஸ் வரவில்லை, வந்ததும் தெரியப்படுத்துகிறோம் என்று மாசத்துக்கு ஒரு கார்டு போட்டால் போதும். அது உங்களுக்குப் புது வேலையாக இருக்காது. கலைப்பிரியாவுக்குப் பரீட்சை முடிந்ததும் நானே வந்து போனை வாங்கிக்கொள்கிறேன்.

கைரேகை வெச்ச அப்புறமும் என்னம்மா எழுதிக்கினே இருக்கறன்னு மாமா கேக்கறாரு. அட்ரஸு எழுதறேன் மாமான்னேன். இவ்ளோ நீளமான்னாரு. விழுப்புரம் தூரம் இல்லையா மாமான்னு சொல்லியிருக்கேன்.